புல்லுக்குப் போர்த்திய கம்பளி

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் முக்கால்வாசியைப் புல் பிடுங்கியே கழித்தவர். ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு வேறு கதி கிடையாது. மழை ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்தால் களை முளைக்கும்; ஆள் விட்டு எடுக்க வேண்டும்; எடுத்து நிமிர்வதற்குள் எடுத்த இடத்திலேயே மறுபடி தலை காட்டும். அப்படிப்பட்ட மனிதர், போடியில் இருந்த ஏலக்காய்க் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, போடிமெட்டு தாண்டி இருக்கிற எங்கள் தோட்டத்து வீட்டுக்கே குடிவந்ததும் செய்த முதல் வேலை, வாசலில் புல் வளர்த்தது. அதுவும் சும்மா வளர்ந்த புல் இல்லை. எங்கேயோ தூரத்தில் இருந்து பாய் பாயாகச் சுருட்டி லாரியில் வரவழைத்த புல்.

"மலை பூராம் புல்லுதேன் கெடக்கு. இதுக்கு லோடு வண்டி வச்சுக் கொண்டாரணுமாக்கும்?" என்று கேட்டேன்.

"அது களை. இது லானு" என்றார்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றதற்கு, களை தானாக வரும், லானை நாம்தான் கொண்டுவர வேண்டும் என்று விளக்கம் வேறு கொடுத்தார். இதற்கு மேல் இந்த மனுஷரிடம் என்ன பேச? அடுப்படியில் எனக்கு வேலை கிடந்தது.

அதுவரைக்கும் அந்த வாசல் ஒரு வாசலாக இருந்தது. ஜீப்பு நேராகப் படி வரைக்கும் வரும். காய் எடுக்க வருகிற பெண்கள் அங்கேதான் இறங்குவார்கள், தூக்குவாளிகளை வரிசையாக வைப்பார்கள், மத்தியானம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சாக்கு உதறுவார்கள், சண்டை போடுவார்கள். புல் வந்த நாளில் இருந்து சுற்றிலும் கயிறு கட்டியாகிவிட்டது. ஜீப்பு கீழே வளைவிலேயே நிற்க வேண்டும். பெண்கள் கோழிக்கூட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நானே என் வீட்டுக்குள் போகக் கோழிக்கூட்டைச் சுற்றித்தான் போனேன். ஜீப்பு ஓட்டுகிற பையன் எங்கள் ஊர்க்காரன், சொந்தம் மாதிரிப் பழகுகிறவன். அவன் ஒரு நாள், "அண்ணே, கோயில் கருவறையிலகூட இம்புட்டுக் கெடுபிடி கெடையாது" என்று சொல்லிவிட்டான். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

புல் நன்றாகத்தான் வந்தது. பொய் சொல்லக் கூடாது. பார்க்கப் பச்சைப் பசேல் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மழை முடிந்து பனிக்காலம் நெருங்கியபோதுதான் சனியன் போன் வழியாக வந்தது.

போனில் வீடியோ போடுகிற ஒரு வெள்ளைக்காரர். கையுறை, தொப்பி, முழங்கால் வரைக்கும் பூட்ஸு. குளிர்காலத்துக்கு வீட்டுப் புல்லை எப்படித் தயார் செய்வது என்று அவர் பாடம் நடத்துகிறார். அந்த ஊரில் குளிர் என்றால் குளம் அப்படியே கல்லாகி, பிள்ளைகள் அதன்மேல் சறுக்கி விளையாடுமாம். எங்கள் ஊர்க் குளிரில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறையும். காலையில் அதை அடுப்போரம் வைத்தால் பத்து மணிக்கு இளகிவிடும். அவ்வளவுதான் எங்கள் குளிர். ஆனால் இவர் அந்த வெள்ளைக்காரரைத் தன் பங்காளி மாதிரி நினைத்துவிட்டார். காலையில் காபித் தம்ளரோடு உட்கார்ந்தால், அவர் சொல்லச் சொல்ல இவர் தலையை ஆட்டுவார். இங்கிலீஷில் பாதி புரியும், பாதி புரியாது. புரியாத பாதியைத்தான் ரொம்ப மும்முரமாகச் செய்தார்.

முதல் பாடம், புல்மேல் ஒரு சருகு இருக்கக் கூடாது. அந்த ஊரில் மரம் வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாக இலையைக் கொட்டிவிட்டு நிற்குமாம். ஒரு நாள் வாரினால் வேலை முடிந்தது. இங்கே வீட்டைச் சுற்றி நிற்பது ஏலத்துக்கு நிழல் கொடுக்கிற மரம். அது தன் பாட்டுக்கு வருஷம் முழுவதும் ஒன்று ஒன்றாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். இவர் பல் வைத்த கம்பி வாரியல் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் வாரிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். இந்தக் கோடியில் மறுபடி சருகு கிடக்கும். ஒரு நாள் மரத்தை அண்ணாந்து பார்த்து, "ஒனக்கு அறிவில்ல?" என்று கேட்டார். நான் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தால் சண்டை வரும் என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன்.

கிளையை வெட்டிவிடலாமா என்று யோசித்தார். எங்கள் பக்கத்தில் மரத்தில் கை வைத்தால் வனத்துறைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "வாசப் புல்லுக்காக வெட்டுனேன்னு சொல்லுங்க, மாலை போட்டு உள்ள கூட்டிட்டுப் போவாக" என்றேன். அதோடு விட்டார்.

அடுத்த பாடம் ஓட்டை. மண் இறுகிக் கிடந்தால் குளிரில் புல்லுக்கு மூச்சு முட்டுமாம். அதனால் தரை முழுவதும் ஓட்டை போட வேண்டும். வெள்ளைக்காரரிடம் அதற்கு மிஷின் இருந்தது. இவர் கடப்பாரையை எடுத்தார். குத்து குத்தென்று குத்தி முழங்கையில் வலி வந்ததும் தைலம் தேய்த்துக்கொண்டு யோசித்தார். பழைய டயர்ச் செருப்பு ஒரு ஜோடியை எடுத்து, முனை அடியில் நீட்டிக்கொள்கிற மாதிரி ஆணி அடித்தார். அதைக் காலில் வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு புல்மேல் நடந்தால் நடக்க நடக்க ஓட்டை விழும் என்பது திட்டம்.

நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரமாக ஏதோ சத்தம். வந்து பார்த்தால், புல்லுக்கு நட்ட நடுவில் மனிதர் அசையாமல் நிற்கிறார். முந்தின நாள் மழையில் ஊறிய மண். ஆணி முழுசாக இறங்கிவிட்டது. இந்தக் காலை இழுத்தால் அந்தக் கால் இன்னும் உள்ளே போகிறது. கட்டிய வாரை அவிழ்க்கக் குனிந்தால் விழுந்துவிடுவார்.

"எம்புட்டு நேரமாக் கூப்புடுறேன், காது கேக்கலையா?" என்று என்னிடம் பாய்ந்தார்.

"புல்லு மேல நடக்கக் கூடாதுன்னு கயிறு கட்டுனது யாரு? நான் எப்பிடி வர்றது?" என்றேன்.

ஜீப்புக்காரப் பையன் வந்துதான் வாரை அறுத்து ஆளை வெளியே எடுத்தான். செருப்பு ரெண்டும் அங்கேயே நின்றது. "அண்ணே, இது எலி செய்யிற சோலி. பேசாம ரெண்டு எலியப் புடிச்சு விட்டுருவோம்" என்றான் பையன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவனுக்கு எங்கள் வீட்டில் காபி கிடைக்கவில்லை. நான் பின்வாசல் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இது வரைக்கும் எல்லாம் எங்கள் வீட்டுக்குள் நடந்த கூத்து. சிரித்துவிட்டுப் போய்விடலாம். மார்கழி பிறந்ததும் நடந்ததுதான் சிரிக்கிற விஷயமாக இல்லாமல் போயிற்று.

அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் தோட்டத்துக் கம்பளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய் எடுக்கிற பெண்கள் எல்லாரும் கீழே போடிப் பக்கத்து ஊர்களில் இருந்து வருகிறவர்கள். சிலமலையில் பாதிப் பேர், ராசிங்காபுரத்தில் பாதிப் பேர். விடிவதற்கு முன்னாலேயே ஜீப்பில் ஏறிவிட வேண்டும். கீழே காற்று வெதுவெதுப்பாக இருக்கும். மலை ஏற ஏற, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் குளிர் ஒரு படி கூடும். போடிமெட்டு வரும்போது மேகம் ஜீப்புக்குள்ளேயே நுழைந்து போகும். பின்பக்கம் திறந்த வண்டி. ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்த மாதிரி நெருக்கிக்கொண்டு, தலையோடு கம்பளியை இழுத்துப் போர்த்தித்தான் அவர்கள் மேலே வந்து சேர்வார்கள். தோட்டத்துக்குள் தூறல் போட்டாலும் அதுதான் குடை. அதனால் என் மாமனார் காலத்தில் இருந்து, மார்கழி பிறந்து வருகிற முதல் வெள்ளிக்கிழமை, காய் எடுக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் புதுக் கம்பளி. வீட்டுப் பெண் தன் கையால் ஒவ்வொருத்தர் தோளிலும் போட்டுவிட வேண்டும். என் மாமியார் போட்டார். அவருக்குப் பிறகு நான்.

அந்த வருஷம் கலர் விஷயத்தில் பெரிய பேச்சுவார்த்தையே நடந்தது. எப்போதும் வருகிற சாம்பல் கலர் வேண்டாம், சிவப்பு வேண்டும் என்று ஆடி மாசத்தில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்களைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வருகிறவள் சிலமலைக்காரி. என்னைவிட மூத்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "சாம்பல் போத்துனா மேகத்துக்குள்ள எவ எங்க நிக்கிறான்னே தெரிய மாட்டேங்குது ஆத்தா. செவப்புன்னா தெரியுமில்ல" என்று காரணத்தோடு கேட்டாள். போடியில் கடை கடையாக ஏறி, கறுப்புக் கரை போட்ட நல்ல சிவப்புக் கம்பளியாக நானே பார்த்து எடுத்து, கட்டுக் கட்டி வியாழக்கிழமை மத்தியானம் ஜீப்பில் மேலே அனுப்பிவிட்டேன். நான் கீழேயே தங்கினேன். ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது, அதைப் பிடுங்க வேண்டி இருந்தது. மறுநாள் காலையில் பெண்களோடேயே ஜீப்பில் ஏறி வந்துவிடுவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை ஜீப்பு முழுவதும் ஒரே கும்மாளம். நான் முன்னால் பையன் பக்கத்தில் வீங்கின கன்னத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் இருந்து கேள்விமேல் கேள்வி. "செவப்புன்னா எப்பிடிச் செவப்பு ஆத்தா? மொளகாச் செவப்பா, செங்கச் செவப்பா?" "கரை இருக்கா?" பாதிப் பேர் வெறும் துண்டைத்தான் சுற்றி இருந்தார்கள். புதுசு கிடைக்கப் போகிறது என்ற தைரியத்தில் போன வருஷத்துக் கம்பளியை வீட்டில் பிள்ளைக்கோ கிழவிக்கோ கொடுத்துவிட்டு ஏறியிருந்தார்கள். மெட்டுக்கு வந்ததும் பல் கிட்டிக்கொண்டது, பேச்சு நின்றது. ஆனால் யார் முகத்திலும் வருத்தம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம்தானே.

வளைவில் இறங்கி மேலே நடந்தோம். மேகம் விலகி விலகி மூடியது. ஒரு தடவை விலகினபோது வாசலில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. எனக்குக் கல்யாணப் பந்தல் விரிப்பு மாதிரித்தான் முதலில் பட்டது. சிலமலை அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் நின்றுவிட்டாள். அவள் நின்றதால் எல்லாரும் நின்றார்கள்.

கம்பளி. அத்தனை கம்பளியும். ஒன்றோடு ஒன்று விளிம்பு சேர்த்து, மூலைக்கு மூலை கல் வைத்து, புல் முழுவதும் விரித்துக் கிடந்தது. பனியில் நனைந்து கறுத்துப்போய், நடுவில் நடுவில் சருகு ஒட்டிக்கொண்டு. ஒரு கம்பளிமேல் எங்கள் வீட்டுக் கோழி நின்று எச்சம் போட்டுக்கொண்டிருந்தது.

அதன் ஓரத்தில் என் வீட்டுக்காரர், மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, பரீட்சை பாஸான முகத்தோடு நிற்கிறார். "பாத்தியா? ஒரு புல்லு கருகல" என்றார் என்னைப் பார்த்து.

நடந்தது இதுதான். மூணாறுப் பக்கம் உறைபனி விழுந்து புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளையாகக் கிடக்கிற வீடியோ வியாழக்கிழமை சாயங்காலம் இவர் போனுக்கு வந்திருக்கிறது. உடனே வெள்ளைக்காரரைத் தேடியிருக்கிறார். உறைபனிக்கு முன்னால் புல்லைப் போர்த்த வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். சாக்கு எல்லாம் காய் உலர்த்துகிற ஸ்டோரில் மாட்டிக்கொண்டது. பிரிக்காத கட்டு வாசல்படியில் இருந்திருக்கிறது.

"இங்க உறைபனி விழுந்துச்சா?" என்று கேட்டேன். பல் பிடுங்கின வாயில் பேச்சுக் குழறியது.

"விழல. விழுந்திருந்தா?"

ஒரு கம்பளியை எடுத்து ரெண்டு உதறு உதறி என்னிடம் நீட்டினார். "லேசா ஈரம். வெயில் வந்தா காஞ்சிரும். வெரசாக் குடுத்துரு, காய் எடுப்பு நிக்குது."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடப்பாரையை எடுத்திருப்பேன். அத்தனை பேர் முன்னால் புருஷனை என்ன சொல்ல? சிலமலை அக்கா முன்னால் வந்தாள். குனிந்து ஒரு கம்பளியின் ஓரத்தைக் கையில் பிடித்து முறுக்கினாள். தண்ணீர் சொட்டியது.

"மொதலாளி, இது எங்களுக்கு வந்ததுதானே?"

"ஒங்களுக்குத்தேன். ஒரு ராத்திரிக்கு எடுத்து விரிச்சேன். என்ன, தேஞ்சா போச்சு?"

"தேயல" என்றாள் அக்கா. பிடித்திருந்த ஓரத்தை நிதானமாகப் பழைய இடத்திலேயே வைத்து, கல்லை மேலே எடுத்து வைத்தாள். "தூங்கட்டும் மொதலாளி. பச்சப் புள்ள. எழுப்பாதீக."

திரும்பி நடந்தாள். எல்லாரும் அவள் பின்னாலேயே வளைவுக்கு இறங்கி, துண்டை இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். இவர் ஓடிப்போய்ப் பையனிடம், "டேய், வண்டிய எடுக்காதே" என்றார். "அண்ணே, நான் என்ன செய்ய? லோடு ஏறிருச்சு" என்று அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த நாள் ஜீப்பில் அவன் ஒருவன் மட்டும்தான் வந்தான். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். தோட்டத்தில் காய் முற்றி நிற்கிற நேரம். ஏலம் யாருக்காகவும் காத்திருக்காது. நாள் தப்பினால் சரத்திலேயே பழுத்து வெடித்துவிடும், வெடித்ததை அணிலும் எலியும் பார்த்துக்கொள்ளும். வருஷம் முழுக்கப் பட்ட பாடு மண்ணில் கொட்டிப் போகும். இவர் முதலில் முறைத்துக்கொண்டு, "வேற ஆளு கூப்புடுவோம்" என்றார். எங்கே கூப்பிட? செய்தி இவருக்கு முன்னாலேயே மலை இறங்கிவிட்டது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வருகிற ஜீப்பு அத்தனையிலும் இதுதான் பேச்சு. மெட்டில் டீக்கடையில் யாரோ இவரிடம், "அண்ணே, புல்லுக்கு இப்பச் சளி தேவலையா?" என்று விசாரித்திருக்கிறார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

நான் சும்மா விடவில்லை. படுக்கையோரம் நின்று கேட்கிறதை எல்லாம் கேட்டேன். "வெள்ளைக்காரனக் கூப்புடுங்க, வந்து காய் எடுக்கட்டும். கையொறை வேற போட்டுருக்கான், கை கறை படாது." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அன்று சாயங்காலமே போடிக்குப் போய், அந்தச் சிவப்பைவிட உசத்தியான, பூப்போட்ட நீலக் கம்பளிகளை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் அதோடு சிலமலைக்குப் போனோம். நான் எதற்குப் போனேன் என்றால், இவர் தனியாகப் போனால் வாயை வைத்துக்கொண்டு இருக்க மாட்டார்.

அக்கா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லி நாற்காலி எடுத்துப் போட்டாள். மரியாதைக்குக் குறைவில்லை. தெருவில் மற்றப் பெண்களும் குடத்தோடு வந்து நின்றுகொண்டார்கள். இவர் கட்டைப் பிரித்து நீலத்தைக் காட்டினார்.

"நல்லாருக்கு" என்றாள் அக்கா. "எங்களுக்கு வேணாம். எங்களுக்கு வந்தது செவப்பு."

"அதவிட ஒசந்ததும்மா இது. புத்தம் புதுசு."

"அதேன் வேணாங்கிறேன். இத நாங்க வாங்கிக்கிட்டா, அந்தச் செவப்பு புல்லுக்குன்னு ஆயிரும். நாளப் பின்ன, தோட்டத்துல பொம்பளைகளுக்கு ஒண்ணு, புல்லுக்கு ஒண்ணுன்னு கம்பளி குடுத்தாகன்னு பேச்சு வரும். அந்தச் செவப்பையே தொவச்சுக் குடுங்க, வர்றோம்."

"சரி. ஆளு வச்சு..."

"விரிச்சவுக தொவைக்கணும்" என்றாள்.

குழாயடியில் குடம் நிறைந்து வழிந்தது. இவர் என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன்.

தன் வேட்டியைத் தானே அலசி அறியாத மனிதர். வீட்டுக்குக் கீழே ஓடும் ஓடையில் இறங்கி, ஐஸ் மாதிரித் தண்ணீரில், ஒவ்வொரு கம்பளியாக முக்கி எடுத்தார். நனைந்த கம்பளியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு ஆள் கனம் கனக்கும். கல்லில் அடித்தால் திரும்ப அவர் முகத்திலேயே அடித்தது. பிழியத் தெரியவில்லை. நான் ஒரு முனையைப் பிடிக்கிறேன் என்று போனேன். "தொடாதே. விரிச்சவுக தொவைக்கணும்னு சொல்லிருக்காக" என்றார் வீம்பாக. அந்த ஒரு நேரம் மட்டும் எனக்கு இவர்மேல் பாவமாக இருந்தது.

துவைத்தாயிற்று, காய வேண்டுமே. வெயில் எட்டிப் பார்க்கவே இல்லை. மேகம் வீட்டின்மேல் கவிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டது. ஸ்டோர் சூட்டில் போட்டுக் காயவைக்கலாம் என்றால், அடுத்து உலர்த்துகிற காயெல்லாம் ஈரக் கம்பளி வாசம் அடிக்கும், எவன் வாங்குவான்? கொடியில் போட்டால் கனம் தாங்காமல் கயிறு அறுந்தது. இந்தச் சரிவில் மட்டமாக, விசாலமாக, மண் ஒட்டாமல் ஒரு இடம் என்றால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சுற்றி இவரே கயிறு கட்டி வைத்திருந்தார்.

கயிற்றோரம் கொஞ்ச நேரம் நின்றார். ஒரு பக்கம் தோட்டத்தில் காய் பழுக்கிறது, ஒரு பக்கம் புல். பிறகு கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிவிட்டு, சொட்டச் சொட்டக் கம்பளிகளைத் தூக்கி வந்து புல்மேல் விரித்தார். காலையில் புரட்டிப் போடுவார், மத்தியானம் புரட்டிப் போடுவார். ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் அடியில் பச்சை கொஞ்சம் வெளிறும். பிறகு மஞ்சளாயிற்று. பிறகு கொழகொழவென்று அழுகி நாறியது. கடைசியில் ஒரு நாள் வெயில் அடித்து, கம்பளி மொறுமொறுவென்று காய்ந்தபோது, குளிர்காலத்துக்கு இவ்வளவு பாடுபட்டுத் தயார் செய்த புல்லில் ஒரு பிடிகூட மிச்சம் இல்லை. வெள்ளைக்காரரையும் போனில் இருந்து அழித்துவிட்டார். நீலக் கம்பளியைக் கடைக்காரரே திரும்ப எடுத்துக்கொண்டார்.

பையன் கீழே போய்ச் சொன்னான். மறுநாள் ஜீப்பு நிறைய வந்தார்கள். கயிறு இல்லாததால் நேராக வாசலுக்கே வந்து நின்றது. அக்கா இறங்கினதும் ஒரு கம்பளியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "சோப்பு அதிகந்தேன்" என்றாள். இவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அத்தனை பெண்களும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முக்கால்வாசிக் காய் தப்பித்துக்கொண்டது.

வரிசையாக நின்றார்கள். வழக்கம் போல நான் ஒவ்வொருத்தர் தோளிலும் போட்டேன். அக்கா கடைசியில் நின்றாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைத்தால் யாருக்குத்தான் சும்மா இருக்கும்? கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "இந்த மனுசனுக்கு எங்கிட்டுக்கா புரியும்? ஒரு கம்பளிக்குப் போயி இம்புட்டுக் கோவமான்னு கேக்குறாரு. ஒங்க மனசு எனக்குத் தெரியும்க்கா."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கோபம் எல்லாம் இல்லை. காய் பழுத்திருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

"ஒங்களுக்கும் தெரியாது ஆத்தா. இந்த வீட்டுல இருந்து எங்களுக்கு வர்றது எல்லாமே, ஒங்கள்ல யாராச்சும் கட்டி, உடுத்தி, போதும்னு கழட்டிப் போட்டதுதேன். சேலை வரும், சட்டை வரும், ஏனம் பாத்திரம் வரும். நல்லதுதேன், நாங்க வேணாங்கல. ஆனா கம்பளி ஒண்ணுதேன் மொத மொதல்ல எங்க மேல படுறது. இந்த வருசம் அதுக்கும் எங்களுக்கு முன்னாடி ஒரு ஆளு வந்திருச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காய்க்கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் கட்டியிருந்தது நான் கட்டிக் கழித்து, போன பொங்கலுக்கு முன்னால் கொடுத்த பச்சைச் சேலை. அதன்மேல் மாட்டியிருந்தது இவருடைய பழைய கோடு போட்ட சட்டை. ரெண்டுக்கும் மேலே அந்தச் சிவப்புக் கம்பளியை இழுத்து நன்றாகப் போர்த்திக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிப் போனாள்.